ஒரு நாடு விலகியதும் எங்கள் மழைக்கோட்டுகளும்

இங்கிலாந்து, ஐரோப்பிய நாடுகளின் கூட்டை விட்டு ஒரே நாளில் விலக வேண்டுமா, படிப்படியாக விலக வேண்டுமா என்று யாராவது என்னிடம் கேட்டிருந்தால், எனக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்றுதான் சொல்லியிருப்பேன். யாங்கோனில், மிங்கலா தாங்ஞுன்ட் பக்கம், நாலாவது மாடியில் குடியிருக்கிறவள் நான். தினமும் காலையில் இறங்கி வந்து கம்பெனி வண்டி ஏறி ஒரு தையல் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஆனாலும் அந்தக் கேள்வி என் மேசைக்கு இரண்டு தடவை வந்தது. முதல் தடவை அதை நான் சரியாகக் கவனிக்கவில்லை.

தொழிற்சாலை, நகரத்தின் கிழக்கே தொழிற்பேட்டைக்குள் இருந்தது. மழைக்கோட்டுதான் எங்கள் வேலை. மெல்லிசான, தொப்பி வைத்த, தையல் மேல் நாடா ஒட்டிய மழைக்கோட்டுகள். எனக்கு ஏற்றுமதிக் காகிதங்கள் பார்க்கும் வேலை. எத்தனை கார்ட்டன், எந்த அளவு, எந்த நிறம், எந்தக் கப்பல், இவற்றோடு இந்த உடுப்பு மியன்மாரில்தான் தைக்கப்பட்டது என்று உறுதி சொல்லும் தாள். கடைசியாகச் சொன்ன அந்தத் தாள்தான் முக்கியம். அது இருந்தால் எங்கள் சரக்கு ஐரோப்பாவில் இறக்குமதி வரி இல்லாமல் உள்ளே போகும். இல்லாவிட்டால் எங்கள் மழைக்கோட்டை வாங்க யாருக்கும் காரணமே இருக்காது.

எங்கள் பெரிய வாடிக்கையாளர் இங்கிலாந்தில் ஒரு கம்பெனி. கம்பெனிதான் இங்கிலாந்து, சரக்கு நேராக அங்கே போகாது. ஹாலந்தில் ஒரு துறைமுகத்துக்குப் பக்கத்தில் பெரிய கிடங்கு வைத்திருந்தார்கள். எல்லாம் அங்கே இறங்கும். அங்கிருந்து லாரிகளில் ஜெர்மனிக்கும் பிரான்சுக்கும் பிரிந்து போகும். அந்தக் காலத்தில் இங்கிலாந்துக்குப் போவதும் அப்படித்தான்; கடலைத் தாண்டினாலும் பக்கத்துத் தெருவுக்குப் போவது மாதிரி, ஒரு தாளும் கேட்க மாட்டார்கள். ஆறு வருஷம் நான் அந்தக் கிடங்கின் முகவரியையே அடித்துக்கொண்டிருந்தேன்.

இங்கிலாந்துக்காரர்கள் விலகுவதென்று வாக்களித்தபோது தொழிற்சாலையில் ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பேச்சு வந்தது மூன்றரை வருஷம் கழித்து. ஜனவரி கடைசியில் அதிகாரபூர்வமாக விலகிவிட்டார்கள். வாடிக்கையாளர் கம்பெனியில் எங்கள் சரக்கைப் பார்த்துக்கொள்பவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. விலகிவிட்டோம், ஆனால் இந்த வருஷம் முடியும்வரை பழைய விதிகள்தான், உங்கள் பக்கம் எதையும் மாற்ற வேண்டாம், மாற்றம் படிப்படியாக வரும். நான் அதை அச்செடுத்துக் கோப்பில் வைத்தேன். எதையும் மாற்ற வேண்டாம் என்கிற கடிதம் வந்தால் அதைத் திரும்ப யார் படிக்கிறார்கள்?

அந்த வாரம் ஒரு நாள் கேன்டீனில் மூன்று பேர் டீ குடித்துக்கொண்டிருந்தோம். ஒருவர் எங்கள் தொழிற்சாலை மேலாளர். ஐம்பதை நெருங்கிய பர்மியப் பெண். எல்லோரையும் போல நானும் அவரை ‘அமா’ என்பேன், பர்மியத்தில் அக்கா. அவருடன் பேச்சு பர்மியத்தில்தான் நடக்கும்; நினைத்துப் பார்க்கும்போது எனக்கு அது தமிழாகவே வருகிறது. இன்னொருவர் எங்கள் சரக்கைத் துறைமுகத்தில் ஏற்றிவிடும் ஏஜெண்ட். தமிழ் முஸ்லிம். அவருடைய தாத்தா நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்து இங்கே ஜவுளிக்கடை வைத்தவர். அண்ணன் முறையில் நான் ‘நானா’ என்று கூப்பிடுவேன். என்னை அவர் ‘தங்கச்சி’ என்பார்.

அமா அந்த மின்னஞ்சலைப் பற்றிச் சொல்லிவிட்டுச் சிரித்தார். "போகிறவர்கள் ஒரே நாளில் போக வேண்டும். நான் என் புருஷனை விட்டு வந்தபோது ஒரு டாக்ஸி, இரண்டு பெட்டி. மத்தியானத்துக்குள் முடிந்தது. கொஞ்சம் கொஞ்சமாகப் போகலாம் என்று உட்கார்ந்திருந்தால் இன்றைக்கும் அந்த வீட்டில் சோறு ஆக்கிக்கொண்டிருப்பேன்."

நானா பர்மியத்தில் அவருக்கு ஏதோ பதில் சொல்லப் பார்த்து, பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார். "ஒரே நாள்ல நடக்குறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும் தங்கச்சி. எங்க வாப்பா ஒரு நாள் காலைல கடைய தொறக்கப் போனாங்க. வாசல்ல புதுப் போர்டு. சர்க்கார் கடையாம். உள்ள இருந்த துணி, மேசை, தராசு எல்லாம் சர்க்காரோடது. வாப்பா மூக்குக் கண்ணாடி உள்ள இருந்துச்சு. அதக் கேட்டு வாங்குறதுக்கு ஒரு வாரம் நடந்தாங்க."

"என்ன சொல்கிறார்?" என்றார் அமா.

நான் மொழிபெயர்த்தேன். அமா டீக்கோப்பையைக் கீழே வைத்தார். "அது விலகுவது இல்லையே. அது பிடுங்குவது" என்றார்.

"வித்தியாசம் இருக்கு" என்று நானா பர்மியத்தில் ஒப்புக்கொண்டார். "ஆனா கடைக்குள்ள இருக்கிறவனுக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான்."

நீ என்ன சொல்கிறாய் என்று என்னை அவர்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானா பக்கம்தான் நின்றிருப்பேன். அவகாசம் கொடுத்தால் நல்லதுதானே என்று நினைத்தேன்.

அந்த வருஷம் எப்படிப் போனது என்று எல்லோருக்கும் தெரியும். நோய் வந்தது. துணி வரவில்லை, வந்தபோது ஆர்டர் இல்லை. செப்டம்பர் கடைசியில் தொழிற்சாலையையே மூடச் சொன்னார்கள். கொஞ்ச வாரம் வீட்டில் உட்கார்ந்திருந்து, திரும்பித் திறந்தபோது, வசந்த காலத்துக்கான மழைக்கோட்டுகள் எல்லாம் ஒரே மூச்சில் போக வேண்டியிருந்தது. முகக்கவசமும் கண்ணாடித் தடுப்புமாகத் தையல் வரிசைகள் ஓடின. என் நாத்தனார் அங்கே ஒரு வரிசைக்குத் தலைவி. தாகேதாவில் இருந்து வருவாள். அவள் வரிசைதான் தொப்பி தைக்கும். அந்த நாட்களில் அவள் மத்தியானம் என்னோடு சாப்பிடக்கூட வரமாட்டாள். தையல் மெஷின் பக்கத்திலேயே நின்று வாழைப்பழம் தின்றுவிட்டுத் திரும்பப் போய்விடுவாள்.

நவம்பர் கடைசி வாரம். ஒரு கண்டெய்னர் நிறைய ஏற்றி, சீல் வைத்து, அலோன் துறைமுகத்துக்கு அனுப்பிவிட்டோம். மறுநாள் காலை அந்தச் சரக்குக்கான உறுதித்தாளை அடித்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு வாக்கியம் உண்டு. இந்த உடுப்புகள் ஐரோப்பியக் கூட்டின் விதிகளின்படி இந்த நாட்டில் செய்யப்பட்டவை என்று. ஆறு வருஷமாக விரல் தானாக அடிக்கிற வாக்கியம். அதை அடித்துவிட்டுக் கப்பல் அட்டவணையில் போய்ச் சேரும் தேதியைப் பார்த்தேன். சிங்கப்பூரில் கப்பல் மாறி, ஹாலந்துக்குப் போய்ச் சேர ஜனவரி இரண்டாவது வாரம்.

கை நின்றுவிட்டது. அந்த கண்டெய்னரில் பாதிக்குமேல் இங்கிலாந்துக் கடைகளுக்கான கார்ட்டன். ஜனவரி இரண்டாவது வாரத்தில் இங்கிலாந்து அந்தக் கூட்டில் எந்த விதத்திலும் இருக்காது. ஹாலந்தில் வரி இல்லாமல் இறங்கும் கோட்டு, அங்கிருந்து லாரி ஏறி இங்கிலாந்து எல்லைக்குப் போனால், அதிகாரி என்ன கேட்பார்? இது ஹாலந்துச் சரக்கா? இல்லை. மியன்மாரிலிருந்து நேராக வந்ததா? அதுவும் இல்லை. அப்படியானால் வரி கட்டு. என் தாளில் இருக்கும் வாக்கியம் அங்கே செல்லாது. பதினொரு மாதம் கையில் இருந்தது. அந்தக் கடிதம் என் கோப்பில்தான் இருந்தது. ஒரு தடவைகூட நான் மாதங்களைக் கூட்டிப் பார்க்கவில்லை. கப்பல் போக எத்தனை நாளாகும் என்று இந்தக் கட்டடத்தில் எனக்குத்தான் நன்றாகத் தெரியும்.

அமாவிடம் போய்ச் சொன்னேன். அவர் முதலில் நம்பவில்லை.

"வருஷக் கடைசிவரை எதுவும் மாறாது என்றார்களே."

"அமா, வருஷக் கடைசியில் நம் சரக்கு கடலில் இருக்கும்."

அவர் நாட்காட்டியைக் கையில் எடுத்து வாரங்களை எண்ணினார். போனை எடுத்து, அந்த மின்னஞ்சல் அனுப்பிய இங்கிலாந்துக்காரரைக் கூப்பிட்டார். அங்கே அதிகாலை. அவர் வீட்டிலிருந்துதான் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். வீடியோவில் பின்னால் ஒரு துணி காயப்போடும் கம்பி தெரிந்தது. அறுபது வயதிருக்கும். நான் ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொன்னேன். அவர் நெற்றியைத் தேய்த்தார்.

இன்னும் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது, ஒப்பந்தம் வருமா வராதா என்று எங்களுக்கே தெரியாது, அநேகமாக இன்னும் கொஞ்ச நாள் நீட்டிப்பார்கள் என்றார். நீட்டாவிட்டால், என்று கேட்டேன். அவர் நான் எதிர்பார்க்காத ஒன்றைச் சொன்னார்.

"நான் விலக வேண்டும் என்று வாக்களித்தவன். மறுநாள் காலை எழுந்தால் எல்லாம் முடிந்திருக்கும் என்று நினைத்தேன். படிப்படியாக என்றபோது சரி, அதுவும் நல்லதுதான் என்று நினைத்தேன். இரண்டிலும் என் வேலை என்ன என்று யோசிக்கவே இல்லை. நீங்கள்தான் முதலில் கேட்கிறீர்கள்."

அவரிடம் எனக்குக் கோபம் வரவில்லை. நானும் அதையேதான் செய்திருந்தேன்.

இங்கிலாந்துக் கார்ட்டன்களை அந்த கண்டெய்னரிலிருந்து எடுத்து நேராக இங்கிலாந்துத் துறைமுகத்துக்கு அனுப்ப முடியுமா என்று அவர் கேட்டார். சீல் வைத்துத் துறைமுகத்துக்குள் போய்விட்ட பெட்டியைத் திறப்பது எளிதில்லை. கப்பல் கம்பெனி சம்மதிக்க வேண்டும், சுங்கம் சம்மதிக்க வேண்டும், நோய்க் காலத்தில் ஆட்கள் கூடுவதற்கு வார்டு அலுவலகம் சம்மதிக்க வேண்டும். நானாவுக்குப் போன் செய்தேன்.

"பொட்டிய தொறக்கணுமா?"

"ஆமா நானா."

"கப்பல் எப்போ?"

"நாளன்னிக்கு."

"கெய்ஸ மஷிபு" என்றார். பரவாயில்லை, பார்த்துக்கலாம் என்று அர்த்தம். அதை அவர் சொல்லும் விதத்தில் விஷயம் ரொம்பப் பெரியது என்று எனக்குத் தெரிந்தது.

அன்று முழுக்க அவர் ஓடினார். நான் மூன்று விண்ணப்பம் எழுதினேன். அமா தன் கையாலேயே ஒரு கடிதம் எழுதி, தொழிற்சாலை முத்திரை வைத்து, தப்பு எங்களுடையது என்று ஒப்புக்கொண்டு கொடுத்தார். அவர் அப்படி எழுதியதை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. மறுநாள் காலை பத்து மணிக்கு அனுமதி வந்தது. சாயந்தரம் நாலு மணிக்குள் முடிக்க வேண்டும்.

அலோனில் அந்த கண்டெய்னர் தளத்தில் நிழலே கிடையாது. நவம்பர் வெயில் அவ்வளவு கடுமை இல்லை என்பார்கள். இரும்புப் பெட்டிக்குள் போய் நின்று பார்க்க வேண்டும். துறைமுகக் கூலிகளில் ஆறு பேரைத்தான் உள்ளே விட்டார்கள். எங்கள் தரப்பில் நான், நானா, என் நாத்தனார். தொப்பியின் நிறத்தை வைத்தே எது எந்த நாட்டுக்கு என்று கார்ட்டனைத் திறக்காமல் அவள் சொல்லிவிடுவாள் என்று நான்தான் அவளைக் கூட்டி வந்தேன். கார்ட்டனைத் திறக்காமல் எப்படித் தொப்பி தெரியும் என்று அங்கே போனபிறகுதான் எனக்கு உறைத்தது. அவள் சிரிக்காமல், "அண்ணி, கார்ட்டன்ல நம்பர் போட்டிருக்கு. நீங்க லிஸ்ட்ட படிங்க, நான் பாக்குறேன்" என்றாள்.

நான் எண்ணைப் படித்தேன். அவள் கையைக் காட்டினாள். கூலிகள் இங்கிலாந்துக் கார்ட்டனை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் அடுக்கினார்கள். பிரச்சினை என்னவென்றால், ஏற்றும்போது அளவு பார்த்துத்தான் அடுக்கியிருந்தோம், நாடு பார்த்து இல்லை. பெரிய அளவுகள் அடியில், சின்ன அளவுகள் மேலே. எல்லாம் ஒரே கிடங்குக்குப் போகும்வரை அதுதான் சரியான அடுக்கு. இப்போது அடியில் இருக்கிற ஒரு இங்கிலாந்துக் கார்ட்டனுக்காக மேலே இருக்கிற எல்லாவற்றையும் வெளியே எடுக்க வேண்டியிருந்தது. மத்தியானத்துக்குள் கண்டெய்னர் முழுக்கக் காலி. முகக்கவசம் நனைந்து மூக்கோடு ஒட்டிக்கொண்டது. நானா தன் லோஞ்சியை மடித்துக் கட்டிக்கொண்டு கார்ட்டன் தூக்க ஆரம்பித்தார். அவருக்கு முதுகுவலி உண்டு. வேண்டாம் என்றால் கேட்கிற ஆளில்லை.

ஒரு கூலி என்னிடம் பர்மியத்தில் கேட்டார், எதற்கு இப்படிப் பிரிக்கிறீர்கள் என்று. ஒரு நாடு பக்கத்து நாடுகளோடு இருந்த கூட்டை விட்டுப் போகிறது என்றேன். "சண்டையா?" என்றார். இல்லை, வாக்கெடுத்துப் போகிறார்கள் என்றேன். "அப்படியானால் இத்தனை நாள் என்ன செய்தார்கள்?" என்று கேட்டுவிட்டு அடுத்த கார்ட்டனைத் தூக்கினார். கேள்வி இங்கிலாந்தைப் பற்றியதுதான். எனக்கு என் மேசை ஞாபகம் வந்தது.

நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஹாலந்துக்கானதைத் திரும்ப ஏற்றி முடித்துப் புதுச் சீல் வைத்தார்கள். மூன்று கார்ட்டன் கணக்கில் ஒத்துவரவில்லை. நாத்தனார் கண்டுபிடித்தாள், இடப்பக்க அடுக்கின் பின்னால் சரிந்து கிடந்தன. இங்கிலாந்துக்கானது ஒரு கொட்டகையில் தங்கி, எட்டு நாள் கழித்து வேறு கப்பலில் போனது. அதற்கு நான் புதிய உறுதித்தாள் அடித்தேன். அந்த வாக்கியத்தில் கூட்டின் பெயரை எடுத்துவிட்டு ஒரே ஒரு நாட்டின் பெயரை எழுத வேண்டியிருந்தது. என்ன வார்த்தை என்று இங்கிலாந்துக்காரர் அங்கே விசாரித்து அனுப்ப மூன்று நாள் ஆனது. அவருக்குச் சொல்ல வேண்டியவர்களுக்கே தெரியவில்லையாம். ஒப்பந்தம் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள்தான் வந்தது. நான் கேட்ட வார்த்தைகள் அதற்குள் கப்பல் ஏறியிருந்தன.

இதெல்லாம் செய்து எல்லாம் நன்றாக முடிந்தது என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. இங்கிலாந்துத் துறைமுகங்களில் அந்த மாதம் நெரிசல். எங்கள் பெட்டியை இறக்க இடம் இல்லாமல் கப்பல் வேறு எங்கோ போய்விட்டுத் திரும்பி வந்தது. பிப்ரவரியில்தான் இறங்கியது. ஹாலந்து வழியாகப் போயிருந்தால் வரியோடு, ஆனால் முன்னாலேயே, போய்ச் சேர்ந்திருக்குமோ என்று அமா ஒரு தடவை கேட்டார். தெரியவில்லை அமா, என்றேன். வேறு தொழிற்சாலைகளின் சரக்கு ஹாலந்துக் கிடங்கில் வாரக்கணக்கில் நின்றதாகவும், கடைசியில் வரி கட்டி எடுத்ததாகவும் பிறகு இங்கிலாந்துக்காரர் சொன்னார். நாங்கள் செய்தது லாபமா நஷ்டமா என்று இன்றுவரை யாரும் சரியாகச் சொல்லவில்லை.

எங்கள் பெட்டி அங்கே இறங்குவதற்குள் எங்கள் ஊரிலேயே எல்லாம் மாறிவிட்டது. பிப்ரவரி தொடக்கத்தில் ஒரு திங்கட்கிழமை காலை, போன் வேலை செய்யவில்லை. சுவிட்சைப் போட்டுப் பார்த்தேன், மின்சாரம் இருந்தது. கீழே இறங்கியபோது டீக்கடையில் ஆட்கள் ஒரு ரேடியோவைச் சுற்றி நின்றார்கள். ராணுவம் ஆட்சியை எடுத்துக்கொண்டது என்று அங்கேதான் கேட்டேன். அன்று கம்பெனி வண்டி வந்தது. ஏன் வந்தது என்று தெரியாமலே ஏறினோம். தொழிற்சாலையில் நானா வந்து நின்றிருந்தார். இணையம் இல்லை, இங்கிலாந்துக்கு எந்தத் தாளும் போகாது. கேன்டீனில் அன்று பேசிய அவருடைய வாப்பாவின் கடைப் பேச்சு எங்கள் இரண்டு பேருக்கும் ஞாபகம் வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அந்த வருஷத்தைப் பற்றி நான் இங்கே எழுதப்போவதில்லை. என் கதை அந்தக் கேள்வியைப் பற்றியது. இரண்டாவது தடவை அது அடுத்த வருஷம் மழைக்காலம் முடிந்தபிறகு வந்தது.

இங்கிலாந்துக்காரர் வீடியோவில் வந்தார். கொஞ்சம் மெலிந்திருந்தார். ராணுவ ஆட்சியைக் காரணம் காட்டி, அவர்கள் கம்பெனி மியன்மாரை விட்டு விலகுவதென்று தீர்மானித்துவிட்டது. உடனே எல்லா ஆர்டரையும் நிறுத்திவிடுவதா, பொறுப்போடு படிப்படியாகக் குறைத்துக்கொண்டு போவதா என்று அங்கே விவாதம் நடக்கிறது. தொழிற்சாலையின் கருத்தை வெள்ளிக்கிழமைக்குள் எழுதித் தரச் சொன்னார்.

அமா வீடியோவை அணைத்துவிட்டு, "உடனே போகச் சொல்லு" என்றார். "அவர்கள் தயவில் நாம் இருக்க வேண்டாம். டாக்ஸி கூப்பிட்டுத் தரட்டுமா என்று கேள்."

உடனே போக வேண்டும் என்று சொன்னவர்கள் தையல் வரிசைகளிலும் இருந்தார்கள். இந்தத் தொழிற்சாலைகள் ஓடுவது யாருக்கு உதவுகிறது என்று அவர்கள் கேட்டார்கள். சில பேருக்கு அந்த ஆட்சியால் வீட்டில் இழப்பு இருந்தது. அவர்களிடம் நான் வாதம் செய்யவில்லை. அதே வரிசையில் பக்கத்து மெஷினில், இந்தச் சம்பளத்தில் மூன்று பேருக்குச் சோறு போடுகிறவளும் இருந்தாள். இரண்டு பேரும் மத்தியானம் ஒரே டப்பாவில் ஊறுகாய் எடுத்துக்கொள்வார்கள். 

அன்று சாயந்தரம் வண்டியில் நாத்தனார் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளிடம் கேட்டேன். தாகேதா நெருங்கும்வரை அவள் யோசித்தாள்.

"போறவங்க போகட்டும் அண்ணி. எப்போன்னு சொல்லிட்டுப் போகச் சொல்லுங்க."

"மெதுவா போறோம்ங்கிறாங்களே."

"மெதுவான்னா? மெதுவாங்கிறது ஒரு தேதியா? எங்க வரிசைக்கு எந்த மாசம் வேல நிக்கும், அதச் சொல்லணும். அது தெரிஞ்சா நான் நாப்பது பேருக்கும் வேற எடம் பாக்க ஆரம்பிப்பேன். தெரியலன்னா எல்லாரும் நாளைக்குப் பாக்கலாம்னு உக்காந்திருப்போம். ஒரு நாள் வண்டி வராது."

அவள் இறங்கிப் போனபிறகு அந்தப் பழைய மின்னஞ்சலைப் பற்றி யோசித்தேன். பதினொரு மாத அவகாசத்தில் தவறு இல்லை. அந்தப் பதினொரு மாதத்துக்குள் எந்த மாதம் யார் என்ன செய்ய வேண்டும் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. எதையும் மாற்ற வேண்டாம் என்றுதான் இருந்தது. மாற்றமே இல்லாத பதினொரு மாதம், பிறகு ஒரே நாளில் எல்லாம். அதைப் படிப்படியாக என்று எப்படிச் சொல்வது? படியே இல்லையே. ஒரு நாடு அப்படிச் செய்யும்போது யாரோ வெயிலில் நின்று கார்ட்டன் பிரிக்கிறார்கள். கார்ட்டனாவது பரவாயில்லை, தைக்கிற ஆட்களை அப்படிப் பிரிக்க முடியாது.

மறுநாள் அமாவிடம் இதைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"நான் டாக்ஸியில் வந்ததற்கு முன்னால்," என்றார் கடைசியில், "என் அக்கா வீட்டில் ஒரு அறை பார்த்து வைத்திருந்தேன். நாலு மாதமாக என் துணிகளை ஒவ்வொன்றாக அங்கே கொண்டுபோய் வைத்தேன். யாரிடமும் அதைச் சொன்னதில்லை. எல்லோரும் ஒரே நாளில் வந்தேன் என்று நினைப்பது எனக்குப் பிடித்திருந்தது." பிறகு கணினியை என் பக்கம் திருப்பினார். "எழுது."

எழுதினேன். நீங்கள் போவது உங்கள் முடிவு, அதைப் பற்றி நாங்கள் சொல்ல ஒன்றும் இல்லை. படிப்படியாக என்றால் ஒவ்வொரு படிக்கும் தேதி வேண்டும். எந்த வரிசையின் கடைசி ஆர்டர் எந்தப் பருவம் என்று இப்போதே சொல்ல வேண்டும். ஒப்புக்கொண்ட ஆர்டரை நடுவில் குறைக்கக் கூடாது. அந்த அட்டவணையைப் பர்மியத்தில் எழுதிக் கேன்டீன் சுவரில் ஒட்டுவோம். அதற்கு நீங்கள் சம்மதிக்க வேண்டும். தேதி தர முடியாதென்றால் உடனே நிறுத்திவிடுங்கள், அதுவே மேல். கடைசி வாக்கியத்தை எடுத்துவிடலாமா என்று அமாவைக் கேட்டேன். இருக்கட்டும் என்றார்.

இங்கிலாந்துக்காரர் படித்துவிட்டுக் கூப்பிட்டார். "என் நாட்டிடம் நான் இதைக் கேட்டிருக்க வேண்டும்" என்றார். சிரித்தாரா என்று தெரியவில்லை, படம் உறைந்து நின்றுவிட்டது.

மூன்று வாரம் கழித்து அட்டவணை வந்தது. மூன்று பருவம். முதலில் நாடா ஒட்டும் வரிசை நிற்கும், இனி நாடா இல்லாத கோட்டுதான்; பிறகு உடல் தைக்கும் வரிசைகளில் பாதி, கடைசியில் மீதியும் தொப்பியும். கேன்டீன் சுவரில் ஒட்டினோம். முதல் நாள் அதன் முன்னால் நின்று சில பேர் அழுதார்கள். இரண்டாவது வாரத்தில் யாரோ பக்கத்திலேயே வேலை காலியிருக்கும் இடங்களைப் பென்சிலில் எழுத ஆரம்பித்தார்கள். முதல் இரண்டு பருவமும் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார்கள். மூன்றாவதில் மேலிடத்தில் ஆள் மாறி, ஆர்டரைப் பாதியாக்கிவிட்டார்கள். இங்கிலாந்துக்காரர் மன்னிப்புக் கேட்டு நீளமாக எழுதினார். அதற்குள் அவருக்கே வேலை போகப்போகிறது என்று நானாவிடமிருந்துதான் எனக்குத் தெரிந்தது.

நாத்தனார் தன் வரிசையைக் கிட்டத்தட்ட அப்படியே ஜப்பானுக்கு வேலை உடுப்பு தைக்கிற இன்னொரு தொழிற்சாலைக்குக் கூட்டிப்போனாள். இரண்டு பேர் ஊருக்குத் திரும்பினார்கள். ஒரு பெண் தாய்லாந்துக்குப் போனாள்; அவளிடமிருந்து செய்தி இல்லை. உடனே போகச் சொல்லு என்று வாதாடியவர்களில் ஒருத்தியும் நாத்தனாரோடுதான் போனாள். அமா அந்தக் கட்டடத்தையே இன்னொரு முதலாளிக்கு நடத்திக்கொடுக்கிறார்.

நான் இப்போது நானாவின் அலுவலகத்தில் இருக்கிறேன். உளுந்தும் துவரையும் இந்தியாவுக்குப் போகிற காகிதங்கள் பார்க்கிறேன். சில நாள் டீக்கடையில் ஆட்கள் பேசிக்கொள்வது காதில் விழும். நம் நாடும் இந்தத் தென்கிழக்கு ஆசியப் பக்கத்து நாடுகளின் சங்கத்தை விட்டு வெளியே வந்துவிட வேண்டும், அவர்களால் நமக்கு என்ன ஆயிற்று என்று. போன வாரம் எதிர் மேசையில் ஒருவர் ரொம்பச் சத்தமாகச் சொன்னார், நாளைக்கே வர வேண்டும் என்று. அவரோடு இருந்தவர் கொஞ்சம் கொஞ்சமாக வரலாம் என்றார்.

நானா என்னைப் பார்த்து, "நீ என்ன சொல்ற தங்கச்சி?" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

வரணுமா வேண்டாமான்னு எனக்குச் சொல்லத் தெரியல நானா, என்றேன். ஆனா கொஞ்சம் கொஞ்சமாங்கிறாரே, அவர் கையில அட்டவணை இருக்கான்னு கேளுங்க. இருந்தா நான் படிச்சுப் பாக்குறேன்.

நானா கேட்கவில்லை. எங்கள் கப்பலுக்கு நேரமாகியிருந்தது.